அம்மாக்கண்ணுவின் பத்தியம்

என் தங்கை அம்மாக்கண்ணு கொழுந்து பறிக்கும்போது பேச மாட்டாள். மற்ற பெண்கள் சிரிப்பும் பேச்சுமாகத் தேயிலை நிரையில் போவார்கள். இவள் வாயை மூடிக்கொண்டு, பனி விலகுவதற்குள் அவர்களைத் தாண்டிப் போயிருப்பாள். எனக்குத் தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் வேலை. கூடைகளைக் கொட்டும்போது எது அவள் பறித்தது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். காம்பு இருக்காது, முற்றின இலை இருக்காது. கங்காணியே அள்ளி எடுத்து மற்றவர்களுக்குக் காட்டுவார். அண்ணன் என்பதற்காக இதை எழுதவில்லை. கேமரன் மலையில் எங்கள் தோட்டத்தில் அந்தக் காலத்தில் இருந்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

பேசாதவள் ஒரே விஷயத்துக்கு வாயைத் திறப்பாள். அது குடி. எழுபதுகளில் அவள் குடியிருந்த லயத்து வரிசையில் கடைசி வீட்டில் ஒருவன் சம்சு என்ற மலிவுச் சாராயம் விற்றான். சம்பள நாளன்று ஆண்களில் பாதிப் பேர் வீடு வந்து சேர மாட்டார்கள். அவள் புருஷன் மாடசாமியும் அந்தப் பாதியில் ஒருவன். ஒரு சம்பள நாள் மாலையில் அம்மாக்கண்ணு கூடையைக்கூட இறக்காமல் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டுப் போத்தல்களை எல்லாம் சாக்கடையில் ஊற்றினாள். சம்சுக்காரன் கத்தினான். அவள் அடுத்த போத்தலை எடுத்தாள். அதன் பிறகு மாடசாமி குடியை விட்டான். பயத்திலா பாசத்திலா என்று அவனுக்கே தெரியாது. தோட்டத்தில் அவளுக்குப் 'போலீஸ்காரி' என்று பெயர் வந்தது. எங்கேயோ குடித்துவிட்டு வருகிறவர்கள்கூட, "டேய், போலீஸ்காரி வூடு வருது, நேரா நட" என்று ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்.

எண்பத்து நான்காம் ஆண்டு அவளுக்கு மார்பில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். கோலாலம்பூரில் அறுவை செய்து எடுத்தார்கள். மிச்சம் மீதி உடம்பில் எங்கும் தங்கிவிடாமல் இருக்க, மாதா மாதம் வந்து நரம்பில் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். மாடசாமிக்கு மலாய் சரியாக வராது, ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க மாட்டான். அதனால் நான்தான் கூடப் போனேன். தோட்டத்து லோரியில் தானா ராத்தா, அங்கிருந்து வளைந்து வளைந்து தாப்பா, பிறகு கோலாலம்பூர் பஸ். அவளுக்கு ஜன்னலோரம். மடியில் ஒரு பிஸ்கட் டின், வாந்திக்கு.

நான் இருந்தது தொழிற்சாலைப் பக்கத்து லயத்தில். வீட்டில் அவளைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு மணியம்மா. அந்த லயத்தில் பிள்ளை பெற்ற பெண்கள் எல்லாருமே அவள் கையால் பத்தியம் சாப்பிட்டவர்கள்தான். இரத்தம் போன உடம்பு, குளிர்ந்த உடம்பு, மேலே மலைக்குளிர் வேறு. பிள்ளை பெற்ற உடம்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பது அவள் கணக்கு. காதில் பஞ்சு, தலையில் கம்பளித் தொப்பி, வெந்நீர், மிளகு, பூண்டு. முடி கொட்டி, சோறு வெறுத்துக் கிடந்தவளை மணியம்மா எழுப்பி உட்கார வைத்து ஊட்டிவிடுவாள். பெற்ற தாய்கூட அப்படிச் செய்ய மாட்டாள்.

இரண்டு தடவை மருந்து ஏறியது. மூன்றாவது தடவை போனபோது இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், ஒரு சீனர், தாளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"கக்கா, மினும் ஆராக் கா?"

அக்கா, சாராயம் குடிப்பதுண்டா என்று மலாயில் கேட்கிறார். அம்மாக்கண்ணு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இந்த மனுசன் என்ன கேக்குறாரு? நான் சம்சு குடிக்கிறேனான்னா?"

"சும்மா கேக்குறாரு லா. எல்லாரையும் கேக்குறதுதான்."

"எல்லாரையும் கேக்கட்டும். என்னையுமா?" டாக்டரைப் பார்த்து, "தாக் பெர்னா! ஒரு சொட்டுகூடக் கிடையாது!" என்றாள். குரல் நடைவழி வரை கேட்டிருக்கும்.

டாக்டர் கோபப்படவில்லை. ஈரல் கெடும்போது இரத்தத்தில் கூடுகிற சத்து ஒன்று இருக்கிறதாம், என்சைம் என்றார். அது இவளுக்கு மிக அதிகமாக ஏறியிருக்கிறது. அது இறங்கும்வரை மருந்து ஏற்ற முடியாது. இறங்கவே இல்லையென்றால் அந்த மருந்தையே நிறுத்த வேண்டிவரும் என்றார்.  நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். மருந்து ஏறாததற்குப் பாதி, அந்தக் கேள்விக்குப் பாதி.

லயத்தில் செய்தி பரவிவிட்டது. "போலீஸ்காரிக்கு ஈரல் ஏறிடுச்சாம்."

"எங்க ஏறிச்சு? நெஞ்சுக்கா?"

ஆண்கள் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "ஈரல் கெட்டுப் போச்சுன்னா என்ன அர்த்தம்? ஊரையெல்லாம் புடிச்சிட்டு, இந்தம்மா வீட்ல ஒளிச்சு வெச்சு அடிச்சாங்களோ?" மாடசாமி அதைக் கேட்டுவிட்டு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்தான், சாப்பிடவில்லை. மணியம்மா பத்தியத்தை இன்னும் கூட்டினாள்.

அடுத்த தடவை அந்த என்சைம் எண் இன்னும் மேலே போயிருந்தது. டாக்டர் தாளை வைத்துவிட்டு வெளியே போனார். அப்போது சாரதா என்ற நர்ஸ் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் தோட்டத்தில் பிறந்தவள்தான், ரப்பர்த் தோட்டம்.

"அக்கா, வீட்ல யாரு சமைக்கிறா? என்ன பத்தியம்?"

அம்மாக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தக் கேள்விக்குச் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. "எங்க மணியக்காதான். அவங்க பத்தியம் மலை பூரா பேரு. காலையில லேகியம். மத்தியானம் பூண்டு போட்டுக் கோழி. படுக்கப் போறப்ப ரெண்டு மூடி பிராந்தி."

"பிராந்தியா?"

"உடம்புச் சூட்டுக்கு. பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்குறதுதானே? மூக்கைப் புடிச்சிக்கிட்டு முழுங்கிடுவேன். போன மாசத்துலேருந்து மூணு மூடி."

"அக்கா, அன்னைக்கு டாக்டர் கேட்டாரே, குடிப்பீங்களான்னு..."

"அது குடி. இது மருந்து லா, நர்ஸ்."

சாரதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மாக்கண்ணு அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒவ்வொன்றாகத் தெளிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் போட்ட பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"ஐயோ அண்ணே! எங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்னையத் தூக்கிச் சாக்கடையில ஊத்திருவாரே!"

நோய் வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

டாக்டர் கேட்டுவிட்டு, பிராந்திதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். ஏற்றுகிற மருந்துக்கே ஈரலைத் தொடும் குணம் உண்டாம். லேகியத்தில் என்ன இருக்கிறதோ அதுவும் தெரியாது. முதலில் எல்லாவற்றையும் நிறுத்தட்டும், தன்னைக் கேட்காமல் தலைவலி மாத்திரைகூட வேண்டாம் என்றார்.

தாப்பா வளைவுகளில் அவள் ஒன்றும் பேசவில்லை. கொழுந்து பறிக்கும்போது இருப்பாளே, அந்த மாதிரி இருந்தாள். மணியம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள். கையால் ஊட்டி வளர்த்த மாதிரி பார்த்துக்கொண்டவளிடம், உன் கையால்தான் எனக்கு இப்படி ஆயிற்று என்று சொல்ல முடியுமா?

வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னாள். "மணியக்கா, டாக்டரு ஒரு பத்தியம் குடுத்திருக்காரு. ரொம்பக் கடுமையான பத்தியம். உங்களால மட்டுந்தான் முடியும்."

"என்னான்னு சொல்லு."

"பிராந்தி ஆகாது. லேகியம் ஆகாது. வேர், பட்டை, கசாயம் எதுவும் ஆகாது. சோறு, காய்கறி, மீனு. எண்ணெய் கம்மி."

மணியம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "பிராந்தியாலதான் ஏறிச்சாடி?"

"ஏத்துற மருந்தாலயும் ஏறுமாம். டாக்டருக்கே தெரியலக்கா."

அது உண்மையும்கூட. மணியம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இதைவிடக் கடுமையான பத்தியமெல்லாம் நான் பாத்தவ" என்றாள். அன்று மாலையே அலமாரியிலிருந்த போத்தலைக் காணோம். 

அதன் பிறகு அந்த வீட்டு வாசலைத் தாண்டுவது துரை பங்களாவுக்குள் போவதைவிடக் கஷ்டமாகிவிட்டது. திரிங்காப்பிலிருந்து ஒரு சொந்தக்காரி கோஸும் கேரட்டும் கூடவே ஏதோ ஒரு வேரும் கொண்டுவந்தாள். மணியம்மா காய்கறியை வாங்கிக்கொண்டு வேரைத் திருப்பிக் கொடுத்தாள். "டாக்டர் பத்தியம் லா. ஒண்ணும் பேசாத."

அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் எனக்கு இனிக்கத்தான் செய்கிறது. வேலை விட்டு அவளைப் பார்க்க வரும்போது, அவள் லயத்துக்குப் பின்னால் மேடு தொடங்கும் இடத்தில் சாக்கு விரித்து அம்மாக்கண்ணு வெயிலில் உட்கார்ந்திருப்பாள், கம்பளித் தொப்பியோடு. எதிர் மலையில் பெண்கள் நிரை பிடித்துப் போவது தெரியும். "அவ காம்போட பறிக்கிறா பாருண்ணே" என்று இங்கிருந்தே குறை சொல்வாள். சற்றுத் தள்ளி மணியம்மா அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். மாடசாமி விறகு பிளப்பான். எல்லாருக்கும் மனதில் இருந்தது ஒன்றுதான்: அந்த எண் இறங்குகிறதா, இல்லையா. 

மறுபடி கோலாலம்பூர் போனோம். இந்தத் தடவை மணியம்மாவும் வந்தாள். தாப்பாவைத் தாண்டி அவள் போனது அதுதான் முதல். இரத்தம் கொடுத்துவிட்டு மூவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சாரதா தாளோடு வந்தாள்.

"இறங்கியிருக்கு அக்கா. முழுசா இல்ல, ஆனா நல்லாவே இறங்கியிருக்கு. மருந்தைக் கொஞ்சம் குறைச்சு ஏத்தலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

மணியம்மா இரண்டு கையையும் கூப்பிச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்தச் சுவரில் சாமி படம் எதுவும் இல்லை.

உள்ளே சாரதா நரம்பு தேடினாள். முன்பு குத்திய இடங்கள் கறுத்துக் கெட்டிப்பட்டிருந்தன. ஒரு இடத்தில் தட்டிப் பார்த்தாள், இன்னொரு இடத்தில் தட்டிப் பார்த்தாள், வலிக்குமே என்று தயங்கினாள். அம்மாக்கண்ணு சட்டைக் கையை இன்னும் மேலே சுருட்டிவிட்டாள்.

"இந்தக் கை ஆகலன்னா அந்தக் கை இருக்கு நர்ஸ். யோசிக்காம குத்துங்க லா. டாக்டரு மனசு மாறிடப் போறாரு."