உண்ணாவிரதப் பந்தலில் கேட்ட குறட்டை

போராட்டம் என்பது சம்பளமில்லாத உத்தியோகம். ஓய்வூதியமாக ரத்தக் கொதிப்பு மட்டும் தவறாமல் வந்துவிடும். என்னோடு கொடி பிடித்த பலர் இன்று கார் வைத்திருக்கிறார்கள். நான் மாத்திரை டப்பா வைத்திருக்கிறேன். தினமும் பிரஷர் மாத்திரை விழுங்கும் தோழர்களே, இது உங்களுக்காக.

திறந்திருந்த மைக்

மேலூரில் குவாரித் தொழிலாளர்களுக்காக ஒருநாள் உண்ணாவிரதம். தலைமை நான். எங்கள் வழக்கப்படி தலைவருக்கு முன்னால் மைக் எப்போதும் திறந்தே இருக்கும். மத்தியான வெயிலில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். குறட்டை பஸ் ஸ்டாண்டு வரை கேட்டதாம்.

யாரோ உலுக்கி எழுப்பினார்கள். எதிர் டீக்கடைக்காரர். கேலி செய்ய வந்திருக்கிறார் என்று முறைத்தேன். அவர் முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, குறட்டை கேட்டப்ப சிரிச்சோம். திடீர்னு சத்தமே இல்ல, மூச்சையும் காணோம். அதான் ஓடியாந்தேன்."

வேனும் மேடையும்

வீட்டில் சொன்னேன். என் மனைவி செல்வி ஆச்சரியப்படவே இல்லை. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்றுதான் வருகிறதாம். அதைக் கேட்டுக்கொண்டே பல மாதமாக அவள் சரியாகத் தூங்கவில்லையாம். மறுநாளே டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இந்த மூச்சடைப்பு வர வாய்ப்பு அதிகம், உடம்பை அசைக்காமல் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும் என்றார் அவர். விடுவேனா? மாவட்டம் விட்டு மாவட்டம் நடைபயணம் போனவன் நான் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அது அந்தக் காலம், ஐயா. போன வாரம் எங்க நடந்தீங்க? வேன்ல இருந்து மேடைக்கா?"

நடையில் நடந்த கூட்டங்கள்

தூக்கப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டு, தினமும் வேகமாக நடக்கச் சொன்னார். கீழக்குயில்குடி மலையடிவாரத்தில் நடந்தேன். ஆனால் பழக்கம் விடுமா? நாலு பேர் நின்றால் என் கால் நின்றுவிடும், வாய் புறப்பட்டுவிடும். ஆலமரத்தடியில் விலைவாசி, குளத்தங்கரையில் தண்ணீர்ப் பிரச்சினை. விஷயம் தெரிந்து செல்வியும் கூடவே வந்தாள். நான் மறுபடி தொண்டையைச் செருமியதுமே சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உங்களுக்கு மூச்சு வாங்க நடக்கச் சொன்னாக. நீங்க கேக்குறவுகளுக்கு மூச்சு முட்ட வைக்கிறீக. நடங்க!"

பஸ்ஸில்

பரிசோதனை முடிவு தெரிந்துகொள்ளப் போன அன்று, தடியடிக்குப் பின்வாங்காத நான் செல்விக்குப் பின்னால்தான் உள்ளே நுழைந்தேன். மூச்சடைப்பு இருக்கிறது, ஆனால் லேசானதுதான்; மாத்திரையையும் நடையையும் விட வேண்டாம், தூங்கும்போது மாட்டிக்கொள்ளும் மூச்சுக் கருவி இப்போதைக்குத் தேவையில்லை என்றார் டாக்டரம்மா. திருப்பரங்குன்றம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே செல்வி என் தோளில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

"எறங்குற எடம் வந்தா எழுப்புங்க. அதுக்குள்ள கூட்டம் கீட்டம் போட்டுறாதீக."

ஊரைத் தட்டியெழுப்பப் புறப்பட்டவன் நான். கடைசியில் ஒருத்தியை நிம்மதியாகத் தூங்கவைத்ததுதான் நான் கண்ட முழு வெற்றி.