என் கையால் மகனின் விரலைக் குத்திய நாள்

என் மகன் ஜெபசிங்குக்குப் பிறந்ததிலிருந்தே ரத்தம் உறையாத நோய். சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காது. எங்கள் வீட்டில் ஊசி, பிளேடு எதையும் வெளியே வைப்பதில்லை. இது தாய்வழியில் வரும் நோய் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரிப் பேசினார்கள். அடுத்த வீட்டு ஞானம்மையும் பேசினாள். நான் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. சபையில் ஜெப விண்ணப்பம் கேட்கும்போதும் வாய் திறந்ததில்லை. வீட்டுக்காரர் மறைந்த பிறகு நானும் மகனும் மட்டும்தான்.

2011-ல் நல்ல மழைக்காலம். அவனுக்குத் தீராத தாகம். ஆள் தளர்ந்து போனான். நாகர்கோவிலில் டாக்டர் சர்க்கரை என்றார்.

“அம்மா, அந்த ரத்த நோய் நேரா சர்க்கரையைக் கொண்டு வராது. ஆனா முட்டுக்குள்ள ரத்தம் கசிஞ்சு கசிஞ்சு நடமாட்டமே இல்லாமப் போச்சு. இருந்த இருப்புல எடை கூடிச்சு. அதுல வந்ததாக்கும்.”

வீட்டிலேயே விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்க மிஷின் வாங்கச் சொன்னார். குத்திய இடத்தை நன்றாக அழுத்திப் பிடித்தால் பயமில்லையாம். வாங்கினேன். அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பார்க்காமல் மருந்தின் அளவைச் சொல்ல முடியாது என்று டாக்டர் சத்தம் போட்டார். மகனோ எழுந்திருக்கவே மாட்டாமல் கிடந்தான். கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். “ஆண்டவரே, எனக்கு யாருமில்லை. இந்தக் கையால் எப்படிக் குத்துவேன்?” என்று கதறினேன்.

மறுநாள் காலையில் ஞானம்மை வந்து நின்றாள். அவளும் சர்க்கரைக்காரி. கையில் அவளுடைய மிஷின்.

“எக்கா, நீ ஆண்டவர்கிட்ட அழுதது என் அடுக்களை வரைக்கும் கேட்டுது. பெருமை பிடிச்ச பொம்பள, என்னை ஒரு சத்தம் கூப்பிடப்பிடாதா?”

நேரே உள்ளே வந்தாள். மகன் பக்கத்தில் உட்கார்ந்து தன் விரலைக் குத்திக் காட்டினாள்.

“ஏலே ஜெபா, என் வெரலப் பாரு. மாவு சலிக்கிற அரிப்பு கணக்கா ஓட்டை. நான் செத்தா போனேன்?”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம்!

“அம்மா, நீயே குத்து,” என்று விரலை நீட்டினான்.

அலமாரியைத் திறந்து எங்கள் மிஷினை எடுத்து, இயேசுவே என்று சொல்லிக் குத்தினேன். ரத்தம் வந்தது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடினேன். திறந்து பார்த்தபோது நின்றிருந்தது.

மருந்தாலும் டாக்டர் சொல்லித்தந்த பயிற்சியாலும் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. பழைய நோய் போகவில்லை. முட்டுவலியும் போகவில்லை. அதைப் போக்கத்தான் இத்தனை வருஷம் கேட்டேன். ஆண்டவரோ எனக்கு ஓர் ஆளைத் தந்தார். அவருக்கே ஸ்தோத்திரம். இப்போது சபையில் எழுந்து நின்று என் விண்ணப்பத்தைச் சொல்கிறேன்.

கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற தாய் யாராவது இதை வாசித்தால், ஆண்டவரை நம்பிச் சத்தமாகவே அழுங்கள். அவர் கேட்பார். அடுத்த வீட்டுக்கும் கேட்கட்டும்.