எட்டுக் கிலோ அரிசி

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குத் தூக்கம். ஆறு நாள் லோரி ஓட்டுகிறவனுக்கு வேறு என்ன வேண்டும்? அந்த ஒரு நாளையும் என் மனைவி இமயமலைக்குத் தாரை வார்த்துவிட்டாள்.

செரம்பானில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. அங்கே வந்துபோகும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், நேப்பாளத்துக்கு மலையேறப் போகும் தன் குழுவில் அவளையும் சேர்த்துவிட்டார். ஐம்பத்து நான்கு வயதில் பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் பெயர் கொடுத்தேன். எனக்குப் பனி ஐஸ் பெட்டிக்குள் இருந்தாலே போதும்.

பன்னிரண்டு நாள் நடை. கடைசி மூன்று நாள் மூச்சுக்குக் காற்றுப் போதாத உயரம். அதற்குப் பழக எங்கள் பக்கத்தில் அவ்வளவு உயர மலை ஏது? கோலா சாவாவைத் தாண்டி செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு குன்று இருக்கிறது. உச்சியில் தண்ணீர்த் தொட்டி; அதுவரை குலை ஏற்றும் டிராக்டர் போகும் செம்மண் பாதை. எட்டுக் கிலோ சுமையோடு அதை மூன்று முறை ஏறி இறங்குகிறவர் மலையில் தன் பையைத் தானே சுமக்கலாம், முடியாதவர் சுமை தூக்க ஆள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார்.

ஆளுக்கு எட்டுப் பொட்டலம் அரிசியைப் பையில் அடைத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவோம். முதல் நாளே தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் தன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னாங்க, சாமிக்கு வேண்டுதலா?"

"எனக்கு இல்லலா. என் வீட்டுக்காரிக்கு," என்றேன்.

முதல் நான்கு வாரமும் இரண்டாம் ஏற்றத்திலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. நான்காம் வாரம் ஒரு செம்பனை அடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். "எனக்கு முடியாதுங்க போல," என்று தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு உள்ளூர சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் பையிலிருந்து மூன்று பொட்டலத்தை எடுத்து என் பைக்கு மாற்றினேன். இடம் காலியாகத் தெரியாதபடி பழைய துண்டுகளைத் திணித்தேன்.

அன்றைக்கு அவள் இரண்டு முறை ஏறினாள். மூன்று வாரம் போனதும் மூன்று முறை. "பை கனமே தெரியலங்க. ஒடம்பு பழகிருச்சி," என்றாள். திரும்பும்போது மோட்டாரில் என் பின்னால் உட்கார்ந்து வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். எனக்குப் பதினொரு கிலோவில் இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. திங்கட்கிழமை லோரியில் கிளட்சை மிதிக்கவே பயம். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை. எத்தனை பேர் பெண்டாட்டிக்கு இப்படிச் செய்வார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

எட்டு வாரம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு மாலை ஆசிரியை கொடுத்த விண்ணப்பப் பாரத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பினாள். சுமை தூக்க ஆள் வேண்டுமா என்ற இடத்தில் 'வேண்டாம்' என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த உயரத்தில், முழுச் சுமையோடு இவள் விழுந்தால்?

"அப்படி எழுதாதம்மா," என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன்.

அவள் எழுந்தாள். கதவோரம் இருந்த பையைத் திறந்து துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

"எத்தன வாரமா?"

"எட்டு."

"என் பைய நானே தூக்கறேன்னு கிளினிக்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே."

"நீ கஷ்டப்படறத பாக்க முடியல," என்றேன்.

அந்த ஞாயிறு எட்டுப் பொட்டலத்தையும் தானே எண்ணி வைத்தாள். என்னைக் குன்றின் அடியில் உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாக ஏறினாள். ஒரு முறை ஏறி இறங்கினாள். இரண்டாம் முறை பாதி வழியிலேயே திரும்பி வந்து, பையைக் கழற்றி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் மூச்சு அடங்கவில்லை.

"ஆள் வச்சிக்கிறேன். அது பரவால்ல," என்றாள். "ஆனா நீங்க வர வேணாம்."

"கோவமா?"

"இருக்குதான். அதுக்காகச் சொல்லல. மேல போயி எனக்கு முடியலன்னா, முடியலன்னு எனக்குத் தெரியணும். நீங்க கூட இருந்தா அதயும் மறைச்சிருவீங்க."

இந்த மூன்று மாதமாக, வர வேண்டாம் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்கியவன் நான். இப்போது சொல்லிவிட்டாள். அவமானமாக இருந்தது. எழுந்து, பழக்க தோஷத்தில் அவள் பையைத் தூக்கக் கை நீட்டினேன். அதற்குள் அவள் அதை முதுகில் மாட்டிக்கொண்டு மோட்டாரைப் பார்த்து நடந்துவிட்டாள்.