அத்தை வைத்த தண்ணிக்கீரை சூப்

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா திரும்பி வந்த அன்று, ஒரு ஆள் வீட்டுக்குள் வந்ததைப் போலவே இல்லை. யாரோ ஒரு போர்வையைத் தூக்கிவந்து கட்டிலில் வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. அவ்வளவு இளைத்திருந்தார்.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். மலைமேல் வெட்டிச் சேர்க்கும் கொழுந்தை ஆலைக்கு இறக்கி வருவது அவர் வேலை. மழை விடாமல் கொட்டிய ஒரு நாளில் லோரி வளைவுச் சேற்றில் புதைந்துவிட்டது. இருட்டுகிறவரை நனைந்துகொண்டே அதைத் தள்ளியும் நெம்பியும் பார்த்தவர், மறுநாள் காய்ச்சலில் விழுந்தார். நெஞ்சில் சளி கட்டி நிமோனியாவாகிவிட்டது. நோய் போய்விட்டது என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் போகும்போது அப்பாவின் பசியையும் அது கூடவே எடுத்துக்கொண்டு போயிருந்தது. கஞ்சி வேண்டாம், மைலோவில் நனைத்த ரொட்டி வேண்டாம், ரசம் வேண்டாம். எதைக் கொடுத்தாலும் ஒரு வாய் வைத்துப் பார்ப்பார். "மண்ணு மாதிரி இருக்கு" என்று தட்டை நகர்த்திவிடுவார்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அந்த நாள்களை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அம்மாவின் தூக்கம்தான். விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்துவைத்துவிட்டுக் கொழுந்து வெட்டப் போவாள். மாலையில் ஈரச் சட்டையோடு வந்து அப்பாவைத் துடைத்து, உடை மாற்றி, அவருக்குத் தனியாக ஏதாவது காய்ச்சி, அவர் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டு, அப்புறம்தான் உட்காருவாள். சில நாள் சோற்றுத் தட்டை மடியில் வைத்தபடியே தூங்கிப் போவாள். நான்தான் தட்டை எடுத்து மூடிவைப்பேன். காலையில் அந்தச் சோற்றையே தண்ணீர் ஊற்றிப் பிழிந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். களைப்பு என்ற வார்த்தையை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமல்லவா.

நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடு தோட்டத்துடையது. ஒரு நாள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்தார். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலேயே வாசலில் நின்று அப்பாவின் உடம்பை விசாரித்தார். நல்ல மனிதர்தான். "அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல. ஆனா புது டிரைவர் வர்றான் லா. வந்தா வீடு கேப்பான். மேனேஜர் எங்கிட்டதான் கேக்குறாரு" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வருத்தப்படுகிறவர் போல ஹெல்மெட்டைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். அப்பா அவருக்குத் தலையாட்டினார். அம்மா கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பிரிஞ்சாங் டவுனுக்குப் பஸ் ஏறினாள். கிளினிக்கில் ஒரு தாதி, கோழி எலும்பு போட்டுக் கீரை சூப் வைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார். ஓடைத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிற பாத்திகளில் வளரும் ஒரு கீரை அங்கே உண்டு. கடைக்காரர்கள் வாட்டர்கிரெஸ் என்பார்கள். எங்கள் லயத்தில் தண்ணிக்கீரை. பச்சையாக ஒரு இலையைக் கடித்தால் மிளகைக் கடித்த மாதிரி நாக்கு சுறுக்கென்று ஆகும். சீனர்கள் அதில்தான் சூப் வைப்பார்கள். நாங்கள் வாங்குவது அபூர்வம்.

சாலையோரக் காய்கறிக் கடைகளில் முதல் கடையிலேயே தண்ணிக்கீரை இருந்தது. அம்மா நிற்கவில்லை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருந்தது. அங்கும் நிற்கவில்லை. கடைசியில் அவள் போய் நின்றது அத்தையின் கடையில்.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் அவரை வளர்த்தார். அம்மாவின் தம்பி, தாப்பாவில் இருக்கும் மாமாவுக்கு அவரைக் கட்டிக்கொடுப்பதாகப் பேசிப் பரிசமும் போட்டாகிவிட்டது. அப்புறம்தான் அத்தை, தான் வேலை செய்துகொண்டிருந்த கோலா தெர்லா காய்கறித் தோட்டத்துச் சீனரை ரெஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டார். அண்ணன் கொடுத்த வாக்கு போனது, அம்மாவுக்குத் தம்பியின் கல்யாணம் போனது. அன்றிலிருந்து அத்தையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. கடைத்தெருவில் அவரைப் பார்த்தால் அம்மா எதிர்ப்பக்கம் போய்விடுவாள். எனக்கு அவரைத் தெரிந்ததே அப்படித்தான். யாரைக் கண்டால் நாங்கள் சாலையைக் கடப்போமோ, அவர்தான் என் அத்தை.

ரப்பர் பூட்ஸும் அகலத் தொப்பியுமாக நின்று, ஒரு ஆளிடம் சீனத்திலும் இன்னொரு ஆளிடம் மலாயிலும் சத்தம் போட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அப்பா படுத்திருக்கும் செய்தி அவருக்கும் எட்டியிருந்தது போல, குனிந்து என்னிடம் கேட்டார்.

"பாப்பா, உங்கப்பா சாப்புடுறாரா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தக்காளியைப் பார்த்துக்கொண்டு, "சாப்பிட்டா நான் ஏன் இங்க வந்து நிக்குறேன்னு சொல்லு" என்றாள்.

"சாப்பிட்டா அம்மா ஏன் இங்க வந்து..." என்று நான் ஆரம்பித்தேன்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு."

அத்தை இருந்ததிலேயே இளசான இரண்டு கட்டுக் கீரையைப் பொறுக்கி, இஞ்சியும் ஒரு பிடி காய்ந்த சிவப்புப் பேரீச்சையும் சேர்த்துப் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். "உங்கம்மாகிட்ட சொல்லு. எலும்பு முதல்ல வேகணும். தண்ணி நல்லாத் தளபுளன்னு கொதிக்கணும். அப்புறந்தான் கீரையப் போடணும். பச்சத் தண்ணியில போட்டா கசந்துரும் லா."

அம்மா ஓரடி தூரத்தில்தான் நின்றிருந்தாள். எல்லாமே கேட்டிருக்கும். ஆனாலும் பஸ்ஸில் நான் அதைச் சொல்ல வாயெடுத்தபோது, "எனக்கு சமைக்கத் தெரியும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். ரிங்லெட்டிலிருந்து வரும் வண்டிகள் வரிசைகட்டி நிற்க, எங்கள் பஸ் ஊர்ந்தது. அம்மா வீடு வரும்வரை தூங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் எலும்பு, கீரை, இஞ்சி, பேரீச்சை எல்லாவற்றையும் ஒன்றாகப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சூப் வேப்பிலைக் கஷாயம் போல ஆகிவிட்டது. அப்பா ஒரு கரண்டி குடித்தார். இந்தத் தடவை மண்ணு மாதிரி இருக்கு என்றுகூடச் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா அதைக் கொட்டவில்லை. முகம் மாறாமல் இரண்டு நாள் அவளே குடித்துத் தீர்த்தாள்.

மறு ஞாயிறும் அதே கடைக்குப் போய் நின்றோம்.

"கசந்துச்சான்னு கேளு" என்றார் அத்தை.

"கசந்துச்சுன்னு சொல்லு" என்றாள் அம்மா.

நான் யாரிடம் எதைச் சொல்வது என்று தெரியாமல் நடுவில் நின்றேன். அத்தை சிரித்துவிடுவார் போல இருந்தது. சிரிக்கவில்லை. அம்மா வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே, "நேரமிருந்தா அவங்களையே வந்து வச்சுக் காட்டச் சொல்லு" என்றாள்.

கீரைக்கட்டில் இருந்த அத்தையின் கை அப்படியே நின்றது. அப்புறம் என்னைத் தாண்டி நேராக அம்மாவிடமே கேட்டார். "அண்ணன் அடிச்சு வெரட்டுனா என்ன அண்ணி பண்றது?"

அம்மாவும் முதன்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அடிக்கிறதுக்கு அவருக்குக் கையத் தூக்க முடியல. வா" என்றாள்.

அதற்கடுத்த விடுமுறை நாளில் அத்தை வந்தார். காய்கறி ஏற்றும் பழைய ஜீப் ஒன்று லயத்துக்குக் கீழே, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டிவந்த சீனர் இறங்கவில்லை. அத்தை மட்டும் கூடையோடு ஏறி வந்தார். லயத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த நேரம் பார்த்து வாசலில் ஏதோ ஒரு வேலை வந்துவிட்டது.

அப்பா வாசலில் நாற்காலி போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, வரலாமா வேண்டாமா என்றிருந்த வெயிலில் உட்கார்ந்திருந்தார். அத்தை அவர்முன் நின்று "அண்ணே" என்றார். அப்பா எதிர்மலையைப் பார்த்தார். அங்கே பனிமூட்டத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அத்தை இன்னொரு தடவை கூப்பிடவில்லை. பூட்ஸைக் கழற்றி வைத்தார். காலைக் கழுவிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய்விட்டார்.

எலும்பு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. அத்தை கீரையை உப்புத் தண்ணீரில் போட்டு அலசினார். ஒவ்வொரு தடவையும் பொடிப்பொடி நத்தைகள் அடியில் தங்கின. தண்டை உடைத்து ஒரு பக்கம், இலையைக் கிள்ளி ஒரு பக்கம் வைத்தார். இஞ்சியை நசுக்கித் தட்டிப் போட்டார். அம்மா உதவி செய்யத்தான் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிட்டாள், கையில் பூண்டோடு. அத்தை அந்தப் பூண்டை மெதுவாக எடுத்து உரித்துக்கொண்டார். தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி அம்மாவின் மேல் போட்டார். தண்ணீர் தளபுளவென்று கொதித்ததும் கீரையை உள்ளே தள்ளி மூடி, தீயைக் குறைத்தார். அதற்கப்புறம் நெடுநேரம் சூப்பின் முனகலும் அம்மாவின் மூச்சும் மட்டும்தான் கேட்டன. வாசலிலிருந்து அப்பா இரண்டு தடவை இருமினார். அத்தை இரண்டு தடவையும் தலையைத் தூக்கினார்.

கிண்ணத்தை என்னிடம் கொடுத்துத்தான் அனுப்பினார். அப்பா வாங்கிக்கொண்டார். வாய்க்குக் கொண்டுபோகாமல் ஆவியை மட்டும் முகத்தில் வாங்கினார். ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்தார்.

"உப்பு கம்மி" என்றார், எதிர்மலையிடம்.

உள்ளே நிலைப்படியில் நின்றிருந்த அத்தை, "கம்மியாத்தான் போட்டேன். இருமலோட எதுக்கு உப்பு" என்றார்.

"காரமா இருக்கு."

"கீரையோட காரம் அது. மொளகு நான் போடல, அண்ணே."

அப்பா கிண்ணத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். என்னிடம் நீட்டினார். நான் உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வந்தேன்.

அந்த சூப்பைக் குடித்து அப்பா பழையபடி எழுந்து லோரி ஓட்டினார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவர் அப்புறம் லோரி ஓட்டவே இல்லை. பசி வந்தது, நடக்க முடிந்தது, மேடு ஏற மூச்சு போதவில்லை. லயத்து வீட்டை நாங்கள் காலி செய்தோம். போய்ச் சேர்ந்த இடம் கோலா தெர்லா, அத்தையின் தோட்டத்தை ஒட்டிய தகரக் கூரை வீடு. அங்கே அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து கீரைக்கட்டு கட்டினார். அம்மா தேயிலைச் சரிவை விட்டுப் பாத்திகளில் குனிந்தாள். வேலை மாறியதே தவிர, அவள் உட்கார்ந்து தூங்குவது மாறவில்லை. இப்போது நானும் ஈப்போவில் வேலை முடிந்து வந்து, பல நாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் தூங்கிவிடுகிறேன்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அன்றைக்கு, அப்பா இரண்டாவது கிண்ணத்தில் இருக்கும்போது, அம்மா விழித்துக்கொண்டாள். மேலே கிடந்த சட்டையைப் பார்த்தாள். எழுந்து இன்னொரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி, தட்டால் மூடி என்னிடம் தந்தாள். "கீழ ஜீப்புல கொண்டுபோய்க் குடு" என்றாள்.

"அவங்கள என்னன்னு கூப்புடுறதும்மா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "கூப்புடாத. குடுத்துட்டு வா" என்றாள்.

ஜீப்பில் அவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, ஸ்டேரிங்கில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். விரல் இடுக்கெல்லாம் காய்ந்த சேறு. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நான் நின்றேன். தூறல் போட ஆரம்பித்தது. கடைசியில் கதவைத் தட்டினேன். திடுக்கிட்டு எழுந்தவர் என்னையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பா குடிச்சா?" என்றார் தமிழில்.

"குடிச்சாரு. ரெண்டு வாட்டி."

அவர் இரண்டு கைகளாலும் கிண்ணத்தை வாங்கி ஒரே மூச்சில் குடித்து முடித்தார். வாயைத் துடைக்கிறேன் பேர்வழி என்று புறங்கையால் கண்ணையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டார். கண்ணில் தூறல் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். ஜீப்புக்குள் தூறல் ஏது என்று யோசிக்கவில்லை.

நான் காலிக் கிண்ணத்தோடு மேலே ஏறி வந்தேன். அப்பா அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சற்று உரக்கவே கேட்டார்.

"மாமா குடிச்சாரா?"

எனக்குத் தெரிந்து எனக்கு ஒரே மாமாதான். "மாமா எங்க வந்தாருப்பா? அவரு தாப்பாவுலல்ல இருக்காரு" என்றேன்.

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அப்பா கண்களை மூடிக்கொண்டார். அம்மா வந்து என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. என் ஈரத் தலையைத் தன் சேலைத் தலைப்பால் துவட்டிக்கொண்டே நின்றாள். உள்ளே அத்தை ஏன் அப்படி விசும்பினார் என்று எனக்குப் புரியவில்லை. காய்ச்சல் அப்பாவின் ஞாபகத்தையும் கொஞ்சம் தின்றுவிட்டது போல என்று எண்ணி, அன்று முழுவதும் நான் அவரைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.