பல் பிடுங்கிய அன்று வாக்கியில் வந்த குரல்

பேய் பிசாசு, காத்து கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், "செல்விகிட்ட போயி இத்தெல்லாம் சொல்லாத, கிழிச்சி தொங்கவுட்டுடும்" என்பார்கள். அப்படிப்பட்ட நானே இப்போது உட்கார்ந்து சொல்லுகிறேன் பாருங்கள், என் தலையெழுத்து. நீங்களும் சிரிப்பீர்கள், தெரியும். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

எல்லாம் ஒரு பல்லால் வந்த வினை. கீழ்த்தாடையில், வலது பக்கம், கடைசியாக முளைக்குமே ஞானப் பல், அது. நாற்பதை நெருங்குகிற வயதில் அதற்கு முளைக்க ஆசை வந்திருக்கிறது. நேராக முளைத்தாலாவது பரவாயில்லை, படுத்துக்கொண்டு முன்னால் இருக்கிற பல்லை முட்டிக்கொண்டே கிடந்தது. கன்னம் வீங்கி, இட்லியைப் பிட்டு உள்ளே தள்ளுகிற அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. குப்பத்தில் ஆளுக்கொரு வைத்தியம். ஒருத்தி கிராம்பு வை என்றாள், ஒருத்தி பெருங்காயம் வை என்றாள், இன்னொருத்தி வேலை மெனக்கெட்டு வந்து "பல்லு புடுங்குனா கண்ணு பூடும், பாத்துக்க" என்று பயம் காட்டிவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரர் கோதண்டம் வைத்தியம் எதுவும் சொல்லவில்லை. "ஞானப் பல்லாமே? அத்தயும் புடுங்கிட்டா அப்பால உன்கிட்ட இன்னாமே கீது?" என்று கேட்டு அவரே சிரித்துக்கொண்டார். வலியில் துடிக்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது?

திருவொற்றியூரில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "பல்லு படுத்திருக்கும்மா. ஈறைக் கிழிச்சு, பல்லை ரெண்டா வெட்டித்தான் எடுக்கணும். ஊசி போட்டா வலிக்காது, அழுத்தறது மட்டும் தெரியும்" என்றார். அதுகூடப் பரவாயில்லை. அதற்கப்புறம் சொன்னார் பாருங்கள், பஞ்சை வைத்துக் கடித்துக்கொண்டே இருக்கணுமாம், எச்சில் துப்பக்கூடாதாம், உறிஞ்சிக் குடிக்கக்கூடாதாம், சூடாக எதுவும் ஆகாதாம். கடைசியாக, "அன்னைக்கு முழுக்கப் பேசவே கூடாது."

மற்றதெல்லாம் சரி, பேசாமல் எப்படி இருப்பது? என் பிழைப்பே வாயில்தான் இருக்கிறது. ஆறு கடலில் சேருகிற எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு வாய் குறுகிப்போய்விட்டது. கடலிலிருந்து திரும்புகிற ஃபைபர் படகு, நாங்கள் போட்டு என்போம், அந்த வாய்க்குள் நுழையும்போது அலை தூக்கிக் கவிழ்த்துவிடும். போட்டில் இருக்கிறவனுக்கு அலையின் முதுகுதான் தெரியும், அது எங்கே உடைகிறது என்று தெரியாது. கரையில் கல் மேட்டின் மேல் நிற்கிறவளுக்குத்தான் தெரியும். பெரிய அலையெல்லாம் போன பிறகு கொஞ்ச நேரம் தண்ணீர் அடங்கும், அந்த நேரம் பார்த்து வாக்கியில், அதுதான் வாக்கி டாக்கியில், "வா" என்று சொல்ல வேண்டும். சரியில்லை என்றால் "நில்லு". கல்யாணமாகி வந்த நாளாக என் வீட்டுக்காரருக்கு நான்தான் சொல்கிறேன். வேறு யார் சொன்னாலும் அந்த மனிதர் உள்ளே வர மாட்டார், அத்தனை பிடிவாதம்.

அதனால் பல் எடுக்கிற அன்று கடலுக்குப் போவதில்லை என்று பேச்சு. தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் நான் ஷேர் ஆட்டோ ஏறினேன்.

பல் எடுத்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் எப்போதாவது வரும். ஊசி குத்துகிற அந்த நொடிதான் வலி. அப்புறம் உதடு, நாக்கு, தாடை எல்லாம் யாரோ ஒருத்தருடையது மாதிரி ஆகிவிடும். மிஷின் வைத்து அறுக்கிற சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்கும். வலி இல்லை, ஆனால் பல் முறிகிற சத்தம் இருக்கிறதே, ஐயோ, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. தையல் போட்டு, பஞ்சை வைத்து, "கடிச்சுக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பிடுங்கின பல்லைக் காட்டினார்கள். இவ்வளவு பெரிய அக்கிரமம் பண்ணின பல் பார்க்க ஒன்றுமேயில்லை.

வீட்டுக்கு வந்தால் பூட்டு. பக்கத்து வீட்டு மல்லிகா வாசலிலேயே நின்றிருந்தாள். "யக்கா, மாமா கடலுக்குப் பூட்டாரு. எறா பட்டுகினு கீதுன்னு தேசிங்கு வந்து சொன்னாரு, ரெண்டு பேரும் கெளம்பிட்டாங்க. நீ வர்றதுக்குள்ள வந்துடறேன்னாரு, இன்னும் காணோம்" என்றாள். தேசிங்கு என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன், போட்டில் கூடப் போகிறவன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வாய் இருந்திருந்தால் தெருவே கேட்டிருக்கும். பஞ்சைக் கடித்துக்கொண்டு கையை ஆட்டித் திட்டினேன், மல்லிகா பயந்துபோய் இரண்டடி தள்ளி நின்றாள்.

பூட்டைத் திறந்து வாக்கியை எடுத்துக்கொண்டு கல் மேட்டுக்கு ஓடினேன், மல்லிகாவும் பின்னாலேயே வந்தாள். மதியம் தாண்டிவிட்டது. காலையில் போன போட்டெல்லாம் கரையேறி, ஆண்களெல்லாம் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். காற்று வேறு ஏறிவிட்டது. வெளியே காத்திருந்தால் போட்டில் தண்ணீர் ஏறிவிடும், உள்ளே வந்தாலும் ஆபத்து. தூரத்தில் எங்கள் போட்டு மூக்கைத் தூக்கித் தூக்கி இறங்குவது தெரிந்தது.

வாக்கியில் அவர் குரல் வந்தது. "செல்வி, வந்துட்டியாமே? வாய்கிட்ட நிக்கிறோம். அலை எப்டி கீது?"

எவ்வளவு கொழுப்பு பாருங்கள். பல் எடுத்தவளிடம் அலை எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்.

அலையைப் பார்த்தேன். பெரியதாக நாலைந்து உடைந்து போயிற்று. பிறகு தண்ணீர் அடங்கியது, நன்றாக அடங்கியது, வாய் முழுக்க வெள்ளையே இல்லை. இந்த இடைவெளியை விட்டால் அடுத்தது எப்போது வருமோ. மல்லிகாவிடம் கொடுத்துச் சொல்லச் சொல்லலாம் என்றால் இந்த மனிதர் அவள் பேச்சைக் கேட்க மாட்டார். பஞ்சைத் துப்பினேன், ரத்தம் தாடையில் வழிந்தது, பொத்தானை அழுத்தி "வா" என்று சொன்னேன். சொன்னேன் என்று நினைத்தேன். மரத்துப்போன உதட்டில் "வா" எங்கே வரும்? "ங்ஙா" என்றுதான் வந்தது. பொத்தானை விடாமல் மறுபடி கத்தினேன், "ங்ஙா, ங்ஙா." கையால் வா வா என்று வீசினேன், அவ்வளவு தூரத்துக்கு அது தெரியவும் தெரியாது.

போட்டு கொஞ்சம் முன்னால் வந்தது. வந்து, சட்டென்று இன்ஜினை அடக்கி நின்றுவிட்டது.

எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கிறது, இவர் நிற்கிறார். வா, வா என்று குதிக்கிறேன். அப்போது மல்லிகா என் கையைப் பிடித்து இழுத்து, "யக்கா, அங்க பாரு" என்று எனக்குப் பின்னால் காட்டினாள்.

ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒரு குழாய் மிதந்து வந்தது. மண் அள்ளுவதற்குக் கடலில் போடுவார்களே, கறுப்பாக, ஆள் உள்ளே படுத்துக்கொள்ளலாம் போல, அந்த மாதிரி. எங்கே அறுத்துக்கொண்டு வந்ததோ. பஸ் நீளம் இருக்கும், தண்ணீருக்கு மேலே கையகலம்தான் தெரிந்தது. நீர் வற்றி வெளியே இழுக்கிற நேரம், அந்த வேகத்தில் வந்து வாய்க்கு நடுவில் குறுக்கே திரும்பி ஒருமுறை உருண்டது. அதே இடத்தில்தான், அதே நேரத்தில்தான் எங்கள் போட்டு இருந்திருக்கும். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முதுகுப் பக்கம் பார்க்கவேயில்லை. அப்புறம் நீரோட்டம் அதைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அடுத்த முறை தண்ணீர் அடங்கினதும் அவர்களாகவே உள்ளே வந்தார்கள். நான் கல்லின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் போட்டிலிருந்து குதித்து நேராக என்னிடம் வந்தார். "ஏமே, நல்லவேள சொன்ன. அந்தக் கொயாவ எங்கள்ந்து பாத்த?" என்றார்.

"மாமா, அக்கா எங்க சொல்லிச்சி? அதுக்குத்தான் பேசவே முடியலியே" என்றாள் மல்லிகா.

"சொம்மா இரு. 'நில்லு, வராத, அறிவு கீதா உனக்கு'ன்னு காது கிழியக் கத்திச்சி. தேசிங்கும்தானே கேட்டான்? கேளு அவன."

தேசிங்கு தலையை ஆட்டினான். "அண்ணிதான். தெளிவா கேட்டுச்சி. எப்பவும் திட்டற மாதிரியேதான் திட்டிச்சி."

பொத்தான் முழு நேரமும் என் விரலுக்குக் கீழே இருந்தது. என் வாயிலிருந்து வந்தது ரத்தமும் "ங்ஙா"வும்தான், பக்கத்தில் நின்று கேட்டவள் இருக்கிறாள்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் தொல்லை. வீங்கின கன்னத்தில் ஐஸ் வைத்துக்கொண்டு, ரசம் சாதத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டு கிடக்கிறேன், வீட்டில் திருவிழாக் கூட்டம். அம்மன்தான் பேசினாள் என்று என் வீட்டுக்காரர் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். அம்மன் பேசுவதென்றால் சொந்தக் குரலில் பேச மாட்டாளா, என் குரல் எதற்கு, அதுவும் என்னை மாதிரியே திட்டிக்கொண்டு? தையல் பிரிக்கப் போனபோது டாக்டரம்மாவிடம் சொன்னேன். "ஊசி மருந்துல சில பேருக்கு அப்படி மயக்கமா இருக்கும்மா" என்றார். ஊசி போட்டது எனக்கு, குரல் கேட்டது அவருக்கு. இதைச் சொன்னால் சிரிக்கிறார். படித்தவர்களிடம் என்ன பேசுவது?

யாருக்கும் புரியாத ஒன்று இருக்கிறது. குரல் காப்பாற்றியது, காப்பாற்றியது என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். நான் சொல்ல வந்தது "வா". அன்றைக்கு என் வாய் நன்றாக இருந்திருந்தால், நானே கூப்பிட்டு அவரை அந்தக் குழாயில் மோத விட்டிருப்பேன். இதை நினைத்து எத்தனை நாள் தூங்காமல் கிடந்திருக்கிறேன் தெரியுமா? அந்த மனிதர் பக்கத்தில் குறட்டை விடுகிறார்.

வீக்கம் வடிந்தது, ஈறு மூடிக்கொண்டது, பழையபடி நான்தான் கல் மேட்டில் நின்று கூப்பிடுகிறேன். வேறு யார் கூப்பிடுவது? ஒன்றும் நடக்கவில்லை, நானும் மறக்கப் பார்த்தேன். போன வாரம் அலை கொஞ்சம் மோசம். பின்பக்கமும் பார்த்து, முன்பக்கமும் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு "வா" என்று சொல்லிப் பொத்தானை விட்டேன். ஒழுங்காக உள்ளே வந்துவிட்டார்கள். வலையை இறக்கிக்கொண்டே கேட்டார்:

"இன்னாமே, வான்னு சொல்லிட்டு இன்னாத்துக்கு அப்டி சிரிச்ச?"

"நான் எங்கயா சிரிச்சேன்?"

தேசிங்கு நிமிர்ந்து பார்த்தான். "சிரிச்சியே அண்ணி. ரொம்ப நேரம் சிரிச்ச."

அன்றிலிருந்து "வா" என்று சொல்லிப் பொத்தானை விட்டதும், இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன், போட்டு உள்ளே வந்து சேருகிற வரைக்கும்.