அண்ணனிடம் கேட்காத மன்னிப்பு

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. திருவாலங்காட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் எனக்குச் சோறு ஊட்டியது அவர்தான். கரும்பு டிராக்டர் ஓட்டினார். யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இந்த நினைவு மலரில் நான் எழுதியதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவை நைனா என்போம். அவர் மூன்று வருடம் படுக்கையில் கிடந்தார். மலம் அள்ளிப் பார்த்துக்கொண்டது அண்ணனும் அண்ணியும். சென்னையில் வேலை என்று சொல்லி நான் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் காரியத்தன்று பந்தலில் எல்லோர் முன்னாலும், "நீ கவனிக்காம வுட்டுத்தான் நைனா செத்தாரு" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "சாப்ட்டுட்டு போடா" என்றார். நான் சாப்பிடாமல் எழுந்து வந்தேன்.

சொன்னது பொய் என்று அன்றே தெரியும். மன்னிப்புக் கேட்க வெட்கம். அதனால் ஆடிக் கிருத்திகைதோறும் திருத்தணியில் மொட்டை போட்டு, காவடி எடுத்து, முருகனிடம் கேட்டேன். ஒருமுறை மலைப்படியில் அண்ணன் எதிரே இறங்கி வந்தார். காவடிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பிறகு இஸ்ரேலில் வயதான யூத அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். அவர்களுடைய பெரிய நோன்புக்கு முன், தாங்கள் மனம் நோகச் செய்தவர்களிடம் தாங்களே போய் மன்னிப்புக் கேட்பார்கள். அந்த அம்மா தன் தங்கைக்குப் போன் செய்துவிட்டு, "உனக்கு யாரும் இல்லையா?" என்றார். தெரிந்த அளவு அவர்கள் பாஷையில் மொட்டை, காவடி எல்லாம் சொன்னேன்.

"உன் முடியைக் கேட்டது அண்ணனா?" என்று சிரித்தார். "அண்ணனுக்குச் செய்ததைக் கடவுள் மன்னிக்க முடியாது. அண்ணன்தான் மன்னிக்கணும். போனை எடு."

எடுத்தேன்.

"அண்ணா, அங்க மழையா?"

"ஆங், பேஞ்சிகினுதான் கீது. நீ நல்லா கீறியா?"

"கீறேங்கண்ணா."

அதற்கு மேல் வாய் வரவில்லை. லீவில் போய் நேரில் சொல்லலாம் என்று வைத்துவிட்டேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் மாரடைப்பில் அண்ணன் போய்விட்டார்.

இனி என்ன செய்வது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அடக்கம் செய்த இடத்துக்குப் பத்துப் பேரை அழைத்துப் போய், அவர்கள் காதுபடத் தப்பைச் சொல்ல வேண்டும் என்றார்.

அண்ணனைச் சுமந்த பங்காளிகளுக்கும், நான் வந்து சேரும்வரை அண்ணியோடு இருந்த தெருக்காரர்களுக்கும் என் நன்றி. அண்ணியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "எங்கிட்ட எதுக்கு? அவராண்ட போய் சொல்லுப்பா" என்றார்.

இன்று பந்திக்கு முன் அண்ணனை அடக்கம் செய்த இடத்துக்குப் போகிறேன். இந்த மலரை வாங்கியவர்களில் பத்துப் பேர் கூட வாருங்கள். கூச்சத்தில் எனக்குக் குரல் எழும்பாவிட்டால், "சத்தமா சொல்லு" என்று அதட்டுங்கள்.