பதினேழாம் பக்கம், மூன்றாம் வரி

போன மாதம் துபாயிலிருந்து லீவில் வந்த என் மைத்துனர், உள்ளங்கை அளவில் ஒரு கேம் கருவி கொண்டு வந்து கொடுத்தார். இரண்டு பேட்டரி, ஒரு மெமரி கார்ட், உள்ளே லினக்ஸ். பழைய டாஸ் கேம்கள்கூட இதில் ஓடும் என்றார்.

ஓடும்தான்... ஓட்டிப் பார்த்தவனுக்கல்லவா தெரியும்! முதல் ஞாயிறு சத்தம் வந்தது, படம் வரவில்லை. அடுத்த ஞாயிறு படம் வந்தது, சத்தம் போய்விட்டது. டாஸுக்கு ஃபைல் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு மூன்றாவது ஞாயிறு ஆனது.

கடைசியில் திறந்தது. இரண்டு பேர் மாறி மாறிப் பீரங்கி சுடும் கப்பல் விளையாட்டு. துள்ளிக் குதிக்கப் போனேன். திரையில் ஒரு கேள்வி. கேமோடு வந்த புத்தகத்தில் பதினேழாம் பக்கம், மூன்றாம் வரி, இரண்டாம் சொல் என்ன?

திருட்டுக் காப்பியைத் தடுக்க அந்தக் காலத்தில் இப்படித்தான் கேட்பார்கள். மூன்று முறை தப்பாகச் சொன்னால் கேம் மூடிக்கொள்ளும். புத்தகம் எங்களிடம் எப்போது இருந்தது? சந்திரன் எங்கிருந்தோ பார்த்து எழுதி வந்த ஒரு தாள்தான் இருந்தது. அந்தச் சந்திரனோடு பேசிப் பத்து வருடம் ஆகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், பதுளை டவுனில் ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் நாங்கள் இருவரும் சொல்லிக் கொடுத்தோம். நான்கு கம்ப்யூட்டர், நாற்பது பிள்ளைகள். பிள்ளைகள் பஸ் பிடிக்க ஓடியதும் நாங்கள் பீரங்கியை எடுப்போம். ஆளுக்கொரு பிளாப்பி. எங்கிருந்து காப்பி அடித்தாய் என்று அப்போது யாரும் யாரையும் கேட்பதில்லை. அது ஒரு நாகரிகம்.

பிள்ளைகளின் பரீட்சை வாரத்தில் நான்கு கம்ப்யூட்டரும் வைரஸில் படுத்துவிட்டன. யார் செய்தது என்று முதலாளி கத்தினார். முந்தின நாள் பிளாப்பி போட்டவன் நான். நான் வாயைத் திறப்பதற்குள் சந்திரன் "நான்தாங்க" என்றான். அன்றே அவன் வேலை போனது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வகுப்பும் இரண்டே மாதத்தில் மூடப்பட்டு, நானும் வீட்டுக்கு வந்தேன்.

எனக்காகப் பழியை ஏற்றவனை எந்த முகத்தோடு பார்ப்பது? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அது பத்து வருடம் குறுகுறுத்தது. ஒருமுறை அப்புத்தளை ஸ்டேஷனில் அவனைக் கண்டு, பெட்டி மாறி ஏறியவன் நான்.

கேள்வி திரையில் நிற்கிறது. லுணுகலைக்குக் கல்யாணம் முடித்துப் போன அவன் தங்கையிடம் நம்பர் வாங்கினேன். அவன் எடுத்ததும் பெயரைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன், வாய் உளறிக் கேட்டது இதுதான்:

"சந்திரா... பதினேழாம் பக்கம், மூணாவது வரி, ரெண்டாவது சொல்லு என்னடா?"

"ஹார்பர்," என்றான். யோசிக்கவே இல்லை. பிறகு, "எதுலடா ஓடுது?"

கருவியில் கீபோர்ட் கிடையாது. ஒவ்வோர் எழுத்தாகப் பட்டனில் தேடி அமுக்கினேன். திறந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. விளையாட்டுக்காக இல்லை.

போன ஞாயிறு தெமோதரையிலிருந்து ரயில் ஏறி வந்தான். இப்போது அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் வேலை. தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன், அந்த வைரஸ் என் பிளாப்பியில் வந்தது என்று. அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"இல்லடா. அன்னிக்குக் காலையில என் பிளாப்பியத்தான் போட்டேன். வகுப்ப மூடி ஒன் வேலையும் என்னாலதான் போச்சுன்னு, ஒன் மூஞ்சில முழிக்கவே கூச்சமா இருந்துச்சு."

எனக்காகப் பழியை ஏற்கவில்லை. உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்! பிறகுதான் அந்த நாகரிகத்தை மீறி, கேமை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் அவர் ரூம் கம்ப்யூட்டரில் இருந்து எடுத்தானாம். புத்தகமும் அவர் மேசை இழுப்பறையில்தான் இருந்ததாம்.

நானும் அங்கேதான் எடுத்தேன். இன்னொரு நாள், அவர் சாப்பிடப் போன அதே நேரத்தில். அப்படியென்றால் வைரஸ் குடியிருந்ததே முதலாளியின் கம்ப்யூட்டரில்!

சிரித்தோம்... என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும்வரை. நெஞ்சில் இருந்த பாரம் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே போயிருக்கும். நாகரிகம் பார்த்தோம்.

கருவியை மாறி மாறிக் கையில் வாங்கி ஆடினோம். ஐந்து ஆட்டத்திலும் என் கப்பல்களைக் கொஞ்சமும் இரக்கமில்லாமல் மூழ்கடித்தான். குற்ற உணர்ச்சி இருந்தால்தானே ஒன்றையாவது விட்டுக்கொடுப்பான்!